வீழ்ந்த வானதூதர்

வீழ்ந்த வானதூதர் என்பது, இறைவனின் அவையில் இருந்து, பின்னர் கட்டளையை மீறியதால் அங்கிருந்து தள்ளப்பட்ட ஆவியுருவைக் குறிக்கும். யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகிய சமய மரபுகளில் இக்கருத்து வெவ்வேறு அளவில் காணப்படுகிறது. ஒளி பொருந்திய வானதூதன் ஒருவன் செருக்குற்று வீழ்ந்து சாத்தான் ஆனான் என்னும் கதை பலரும் அறிந்தது. ஆயினும் விவிலியத்தின் எந்த ஒரு பகுதியிலும் இக்கதை முழுமையாக இல்லை. தனித்தனியே வழங்கிய சில செய்திகள் பல நூற்றாண்டுகளில் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவானதே இக்கதை எனலாம்.

தமிழ்ப் பெயர்கள்

பழைய கத்தோலிக்கத் தமிழில் வானதூதர் 'சம்மனசு' என்றும் தீய ஆவி 'பசாசு' என்றும் வழங்கப்பட்டன. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'வானதூதர்', 'அலகை' ஆகிய சொற்களை ஆள்கிறது. சீர்திருத்தச் சபையினர் 'தேவதூதர்', 'பிசாசு' என்பர். தமிழ் முசுலிம்கள் 'மலக்கு', 'இப்லீசு', 'சைத்தான்' ஆகிய அரபுச் சொற்களையே பயன்படுத்துகின்றனர்.

எபிரேய நூல்களில்

எபிரேய மொழியில் 'சாத்தான்' என்பது முதலில் இயற்பெயர் அன்று. எதிர்ப்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்பதே அதன் பொருள். யோபு நூலில் வரும் சாத்தான் இறைவனின் அவைக்கு வந்து போகிறான். மனிதரைச் சோதிக்க இசைவும் பெறுகிறான். நீதிமன்றத்து அரசு வழக்குரைஞரைப் போன்றது அவனது பணி. அவன் எங்கிருந்தும் வீழ்ந்ததாக அந்நூல் கூறவில்லை. ஏதேன் தோட்டத்துப் பாம்பும் தொடக்க நூலில் பாம்பு மட்டுமே.

அதே தொடக்க நூலின் 6-ஆம் அதிகாரத்தில், இறைவனின் புதல்வர்கள் மண்ணுலகப் பெண்களை மணந்ததாக ஒரு சிறு குறிப்பு உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ஏனோக்கு நூலின் முதற்பகுதி இக்குறிப்பைப் பெருங்கதையாக விரிக்கிறது. அதன்படி 'காவலர்' எனப்படும் 200 வானதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கினர். அவர்களுள் அசாசேல் என்பவன் வாளும் கேடயமும் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தான். இங்கு வீழ்ச்சிக்குக் காரணம் செருக்கு அன்று. காமமும், மறைபொருளை வெளியிட்டதும் ஆகும். இந்நூல் முழுமையாகக் கிடைத்திருப்பது எத்தியோப்பியாவின் கீயஸ் மொழியில் மட்டுமே. இதன் அரமேய மொழித் துணுக்குகள் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட பின்னரே இதன் பழமை உறுதியாயிற்று.

விடிவெள்ளி

இலூசிபர் என்னும் பெயர் தோன்றிய வரலாறு சற்று வியப்புக்குரியது. எசாயா நூலின் 14-ஆம் அதிகாரம் பாபிலோன் மன்னனை எள்ளி நகையாடும் ஒரு பாடலைக் கொண்டுள்ளது. விண்மீன்களுக்கு மேல் அரியணை அமைக்க எண்ணியவன் பாதாளத்தில் விழுந்ததாக அது கூறுகிறது. அம்மன்னன் அங்கு விடிவெள்ளிக்கு ஒப்பிடப்படுகிறான். வெள்ளிக் கோள் கதிரவனிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகித் தோன்றுவதில்லை. ஆகவே அது மற்ற விண்மீன்களைப் போல இருண்ட வானின் உச்சியை அடையாமல், விடியற்காலையில் சிறிது ஏறி, கதிரவனின் ஒளியில் மறைந்துவிடும். உயர முயன்று தோற்றவனுக்கு இது பொருத்தமான உவமையே.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகன் முதலான கிறித்தவ அறிஞர்கள் இப்பாடலைச் சாத்தானின் வீழ்ச்சியாகப் பொருள் கொண்டனர். பின்னர் எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளிக்கு 'ஒளி ஏந்தி' எனப் பொருள்படும் 'இலூசிபர்' என்னும் பொதுச்சொல் இடம்பெற்றது. நாளடைவில் அதுவே பேயின் இயற்பெயர் ஆயிற்று. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் சார்தீனியாத் தீவில் இலூசிபர் என்ற பெயருடன் ஓர் ஆயரே இருந்தார் என்பதிலிருந்து, அக்காலத்தில் இப்பெயர் இழிவாகக் கருதப்படவில்லை என அறியலாம்.

தமிழ் விவிலியங்கள் இவ்விடத்தில் 'விடிவெள்ளி' என்றே பெயர்த்துள்ளன. எனவே அவற்றில் எசாயாவைப் படிப்பவர் இலூசிபரைச் சந்திப்பதில்லை. மேலும், திருவெளிப்பாடு நூலின் இறுதியில் இயேசு தம்மைக் குறிப்பிடும் சொல்லும் தமிழில் விடிவெள்ளியே.

திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்தில் அரக்கப் பாம்பும் அதன் தூதர்களும் விண்ணிலிருந்து தள்ளப்படுகின்றனர். இதனையும் எசாயாவின் பாடலையும் ஏதேன் பாம்பையும் ஒன்றாக்கிய கதையே 1667-இல் மில்ட்டனின் காப்பியமாக விரிந்தது. வெ. ப. சுப்பிரமணிய முதலியார் அதன் ஒரு பகுதியைச் 'சுவர்க்க நீக்கம்' என்ற பெயரில் தமிழில் தந்தார்.

இசுலாத்தில்

குர்ஆனின்படி, ஆதத்துக்குப் பணியுமாறு இறைவன் கட்டளையிட்டபோது இப்லீசு மறுத்தான். தான் நெருப்பினால் ஆனவன், ஆதம் களிமண்ணால் ஆனவன் என்பது அவன் வாதம். வானதூதன் ஆதத்தை வணங்க மறுக்கும் இதையொத்த கதை, 'ஆதாம் ஏவாள் வாழ்வு' என்னும் பழைய நூலிலும் உள்ளது. குர்ஆனின் 18-ஆம் அதிகாரம் இப்லீசை சின் இனத்தவன் என்கிறது. எனவே அவனை வீழ்ந்த வானதூதன் என்பது பொருந்துமா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்திய மரபில் ஒத்த கதைகள்

இந்திய மரபில் இதற்கு மிக அருகில் வருவது வைகுண்டத்தின் வாயிற்காவலர்களான சய விசயர் கதை. சனகர் முதலிய நால்வரைத் தடுத்ததால் சாபம் பெற்ற இவர்கள் இரணியாட்சன்-இரணியகசிபு, இராவணன்-கும்பகருணன், சிசுபாலன்-தந்தவக்கிரன் என மும்முறை பிறந்தனர் என்று பாகவத புராணம் கூறுகிறது. தகடூர்ப் பகுதியை ஆண்ட அதியர் குலத்தவர் நாமக்கல்லில் குடைவித்த நரசிம்மர் குடைவரையில் இரணியன் வதை புடைப்புச் சிற்பமாக உள்ளது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் தெருக்கூத்தாகவும் இரணியன் கதை ஆடப்படுகிறது. திருமால் கோயில்களில் கருவறை வாயிலின் இருபுறமும் நிற்பவர்களும் இதே சய விசயர்கள்தாம். பகைவராகப் பிறந்து மாண்டவர்கள் மீண்டும் பழைய பணிக்கே திரும்பிவிட்டனர். மீட்சியற்ற சாத்தானிடமிருந்து இவர்களை வேறுபடுத்துவது இதுவே.

செருக்கினால் வீழ்ந்தவன் என்ற வகையில் நகுடன் கதை எசாயாவின் பாடலுக்கு இன்னும் நெருக்கமானது. அவனும் மண்ணுலக மன்னனே. மகாபாரதத்தின்படி, இந்திர பதவியை அடைந்த அவன் முனிவர்களைப் பல்லக்குச் சுமக்கச் செய்தான். அகத்தியரைக் காலால் உதைத்தான். அவரது சாபத்தால் மலைப்பாம்பாகி மண்ணில் விழுந்தான். பின்னர் காட்டில் வீமனைச் சுற்றி வளைத்திருந்தபோது, தருமரின் விடைகளைக் கேட்டுச் சாபம் நீங்கப்பெற்றான்.