'அந்த நம்பர் இல்லண்ணே... இதைப் போடுங்க!' ஆம்ப்ளிஃபையருக்கு மாற்று டிரான்சிஸ்டர் தேடுபவர்கள் கவனத்துக்கு...

விடிந்தால் கோயில் கொடியேற்றம். முந்தின ராத்திரி மைக் செட்டைப் போட்டுப் பார்த்தால், 'டொப்' என்று ஒரு சத்தம். அதோடு ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிடுகிறது. மூடியைக் கழற்றினால் கருகல் வாசனை. ரேடியோ செட் வாடகைக்கு விடுபவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

போனது ஒரு டிரான்சிஸ்டர். விலையும் பெரிதில்லை. ஆனால் கடையில் கேட்டால், "அந்த நம்பர் இப்போ வர்றதில்லண்ணே. இதைப் போடுங்க, ஓடும்" என்று வேறொன்றை நீட்டுவார்கள். அதை நம்பி மாட்டலாமா? தவறாகப் போனால் அடுத்து போவது ஸ்பீக்கராகக்கூட இருக்கலாம்.

நம்பர் சொல்லும் சேதி

ஜப்பான் டிரான்சிஸ்டர்களில் '2எஸ்' என்ற முன்னொட்டை உடம்பில் அச்சடிப்பதில்லை. 'சி5200' என்று இருந்தால் அது 2எஸ்சி5200. ஏ, பி வரிசை என்றால் பிஎன்பி வகை; சி, டி வரிசை என்றால் என்பிஎன் வகை. ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையைப் போடவே கூடாது.

அடுத்து, போனில் அந்த நம்பரின் டேட்டாஷீட்டைத் தேடி எடுங்கள். அதில் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் பாருங்கள். மாற்றாக வருவதில் இவை சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

உதாரணத்துக்கு, பழைய மைக் செட்களில் அதிகம் இருக்கும் 2என்3055. இரும்புத் தொப்பி போட்டதுபோல இருக்குமே, அதுதான். இது 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் தாங்கும். இதன் இடத்தில் எம்ஜே15003 உட்காரும். அது 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட். தலைகீழாகச் செய்தால்? உயர் வோல்டேஜ் செட்டில் 3055-ஐப் போட்டால், சுவிட்சைப் போட்டதுமே அது வெடித்துவிடலாம்.

கால் மாறினால் கதை கந்தல்

சின்ன டிரான்சிஸ்டர்களில் இன்னொரு சிக்கல், கால்களின் வரிசை. தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-ல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815-ல் எமிட்டர், கலெக்டர், பேஸ். மூன்றும் பார்ப்பதற்கு ஒரே அச்சு! அப்படியே மாட்டினால் வேலை செய்யாது.

3055-ல் உலோக உடம்பே கலெக்டர். அடியில் மைக்கா தகடு வைக்காமல் முறுக்கினால் ஷார்ட்தான்.

கெப்பாசிட்டருக்கும் இதே சட்டம். 50 வோல்ட் இருந்த இடத்தில் 63 வோல்ட் போடலாம். 35 வோல்ட் போடக் கூடாது. ஃபியூஸ் போனால் மட்டும் 'கூடுதல்' கணக்கு செல்லாது. அதே ஆம்பியர்தான். செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயைக் கூப்பிட்டு வைப்பதற்குச் சமம்.

ஒரிஜினலா, டூப்பா?

சரியான நம்பரே கிடைத்தாலும் போலியாக இருக்கலாம். அதிகம் போலி வருவது சி5200, ஏ1943 ஜோடியில்தான். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ, எழுத்து விரலோடு வந்தாலோ சந்தேகப்படுங்கள். போலிகளுக்குள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு ரொம்பச் சின்னது. சத்தத்தைக் கூட்டியதும் சூடு தாங்காமல் போய்விடும்.

மாட்டும் முன்...

பழைய டிரான்சிஸ்டர் ஏன் போனது என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கர் வயர் எங்காவது உரசியிருக்கலாம். அளவுக்கு மேல் ஹாரன்களைக் கோத்திருக்கலாம். பக்கத்திலுள்ள எமிட்டர் ரெசிஸ்டர்களும் கருகியிருக்கலாம். இதைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். நான்கு டிரான்சிஸ்டர் சேர்ந்து வேலை செய்யும் செட்டில், நான்கையும் ஒரே நம்பரில் மாற்றுவது நல்லது.

மாட்டிய பிறகு, 100 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நிம்மதி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால், இன்னும் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரன்ட் தேங்கி நிற்கும். அனுபவம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே உத்தமம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எந்த நம்பருக்குப் பதில் எதைப் போட்டோம் என்று, தேதியோடு மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு முந்தின ராத்திரி அதைத் திறப்பவருக்கு, பாதி வேலை மிச்சம்!