இளைஞர் புனைகதையும் இனநீதியும்



இன அநீதியைச் சட்டநூல்கள் பல வேளைகளில் நல்ல சொற்களால் மூடிவிடுகின்றன. 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், பிளெசி எதிர் பெர்குசன் என்னும் வழக்கிலே, வெள்ளையரையும் கறுப்பின மக்களையும் பிரித்து வைத்தல் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாயிருந்தாற் போதும் என்பதே அதன் வாதம். பாடசாலைகளைப் பொறுத்தவரை, 1954இல்தான் அக்கொள்கை தள்ளப்பட்டது.

அந்தச் சமத்துவம் எத்தகையது? மில்ட்ரெட் டெய்லர் என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1976இல் வெளியிட்ட 'றோல் ஒவ் தண்டர், ஹியர் மை கிறை' என்ற நாவல் இதற்கு விடை தருகின்றது. இளைஞர்க்கென எழுதப்பெற்ற இந்நூல், 1977இல் நியூபெரி பதக்கம் பெற்றது. கதை நிகழும் இடம் மிசிசிப்பி மாநிலம், ஆண்டு 1933. கதையைக் கூறுபவள் காசி லோகன் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி.

காசியின் ஆறு வயதுத் தம்பிக்கு முதன்முதலாக ஒரு பாடநூல் கிடைக்கின்றது. அதன் உள்ளட்டையில் ஓர் அட்டவணை உண்டு: வழங்கிய ஆண்டு, நூலின் நிலை, மாணவனின் இனம். பதினொரு முறை வெள்ளை மாணவர் கையில் இருந்து நைந்துபோன பின்னரே, பன்னிரண்டாவது முறையாக அந்நூல் கறுப்பினச் சிறுவனிடம் வருகின்றது. அவன் அதனை நிலத்திலெறிந்து மிதிக்கின்றான், பிரம்படியும் பெறுகின்றான். அதே பாடசாலையில் ஆசிரியையாகவுள்ள அவன் தாய், அந்த அட்டவணையின்மேற் கடதாசி ஒட்டி மறைக்கின்றாள்.

தீர்ப்பின் வாசகம் ஒருபுறம்; இவ்வட்டவணை மறுபுறம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. வரலாறு அநீதியின் அளவைக் கூறும். புனைகதையோ அதனைத் தாங்கியவரின் உள்ளத்தைக் காட்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து தம்மீது சேற்றை வாரியிறைத்துச் செல்வதைப் பொறாத காசியும் சகோதரரும், பாதையிலே இரகசியமாகக் குழி தோண்டி அதனைச் சிக்க வைக்கின்றனர். ஆயினும் அன்றிரவு, தம்மைத் தண்டிக்க ஆட்கள் வருவரோ என அஞ்சி நடுங்குகின்றனர். பாதிக்கப்பட்டோர் இங்கே இரக்கத்துக்குரிய பதுமைகளல்லர். சிந்திப்பவர், சினப்பவர், எதிர்ப்பவர், அஞ்சுபவர்.

ஆதலின், இத்தகைய நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் இரக்கத்தோடு நின்றுவிடலாகாது. காசிக்காக வருந்தும் மாணவனிடம், "அந்நூலைப் புதிதாகப் பெற்ற முதல் மாணவன் இதனை அறிந்திருப்பானா?" என்றும் வினவுதல் வேண்டும். தனக்குக் கிடைத்த வசதி பிறர்க்கு மறுக்கப்பட்டதோ என ஓர் இளைஞன் எண்ணத் தொடங்குவானாயின், அவ்வாசிப்பு பயனுடையதாகும்.