திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடம்

கல்லூரியில் உங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்து வர வேண்டும். நீளம் 2 நிமிடம். கையில் இருப்பது ஒரு கைபேசி. வீடு இராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ இருக்கிறது. உடனே மனத்தில் தோன்றுவது என்ன? இருட்டுச் சந்து, அரிவாள், துரத்தல்! வடசென்னை என்றாலே திரைப்படக்காரர்களில் பலர் இதைத்தானே காட்டி வருகிறார்கள். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சம் என்பது எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம்.

பின்னாலிருந்து யாராவது திடீரென்று தகரத்தைத் தட்டினால் நம் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. கண் இமை மூடுகிறது, தோள் குறுகுகிறது. நாம் யோசிப்பதற்கு முன்பே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இது நடந்து முடிந்துவிடும். இது திடுக்கிடல். திகில் வேறு. ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்து, அது நடக்காமல் நீண்டுகொண்டே போகும்போது அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்க்கிறதே, அதுதான் திகில். ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஓர் உதாரணம் சொல்வதுண்டு. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால், பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் தெரியாவிட்டால், பல நிமிடம் திகில். பாத்திரத்தைவிடப் பார்வையாளருக்கு ஒரு பிடி அதிகம் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

நம் ஊரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில், வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். பாட்டே இல்லாத படம். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர்தான் அதன் பின்னணி. ஊரே அஞ்சி நடுங்கிய ஓர் உண்மை நாளை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு துப்பாக்கி வெடியை வைத்தார் பாலசந்தர். வெறும் கற்பனை அச்சத்தைவிட இது எவ்வளவு வலுவானது, பாருங்கள்.

உங்கள் பகுதிக்கும் இப்படிப்பட்ட இரவுகள் உண்டு. 1914 செப்டம்பர் 22, இரவு 9.30 மணி அளவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்தது. சூழ்ச்சிக்காரனை ‘சரியான எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அந்தக் கப்பல்தான்! இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கப்பல் இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று சுடுவதாகக் கொள்ளுங்கள். பீரங்கியின் ஒளி உடனே தெரியும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் வருவதால் அது கரைக்கு வந்து சேர 7 நொடி ஆகும். ஆனால் பீரங்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறப்பது. ஆகவே கரையில் நிற்பவர் முதலில் கடலில் ஒரு மின்னலைக் காண்பார்; பிறகு அமைதி; பிறகு பக்கத்தில் எதுவோ வெடிக்கும்; அதன் பின்னரே பீரங்கி முழக்கம் கேட்கும். சினிமாவில் ஒளியையும் ஒலியையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாமல் விட்டுப் பாருங்கள். அந்தச் சில நொடி அமைதிக்கு ஈடான பின்னணி இசை எதுவும் இல்லை.

ஒலியைப் பற்றி இன்னொன்று. பகலில் கேட்காத தொலைதூர ரயில் சத்தம் இரவில் தெளிவாகக் கேட்பது ஏன்? ஊர் அடங்குவது மட்டும் காரணமன்று. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. சரக்கு ரயில் பெட்டிகள் மோதும் ஒலியையும் கப்பல் சங்கையும் பின்னிரவில் மொட்டை மாடியில் நின்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ஒளி. கிழக்கே கடல் இருக்கும் ஊர் இது. மாலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் மறைவதால் கடல்மேல் வானம் முதலில் இருளும். நடிப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். நிழலுரு வேண்டுமென்றால் விடியலுக்கு முன்னரே போக வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரமும் அதுதான். நல்ல அரை வெளிச்சம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்காது, ஒத்திகையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். துறைமுக வளாகத்தினுள் அனுமதியின்றிப் படம் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சரி, எதை எடுப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவை எடுப்பேன். எண்ணூருக்கு அருகே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் அன்று நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலான மீனவக் குப்பங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு என்பது இங்கே கடலுக்கு அடியில் இருக்கும் குழாய்.

ஆனால் ஒரு சிக்கல். அம்மோனியாவுக்கு நிறமில்லை, திரைக்கு மணமில்லை. வாயுவை எப்படிக் காட்டுவீர்கள்? புகை போட்டுக் கெடுத்துவிடாதீர்கள். முதல் 15 நொடி, கரிய நீரில் குமிழிகள் மட்டும் வரட்டும். அதற்கு இரவில் கடலுக்குப் போக வேண்டாம். அண்டாவின் அடியில் கறுப்புத் துணி விரித்து, தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாயால் ஊதிப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும். அடுத்து, சுழலும் மின்விசிறி, பாயில் உறங்கும் குடும்பம். நாற்றம் மட்டும் உறங்குபவரை எளிதில் எழுப்பாது. அம்மோனியாவோ முகத்தின் உணர்ச்சி நரம்பைத் தீண்டிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். எனவே யாரும் முகர்ந்து பார்க்க வேண்டாம். ஒரு குழந்தை உறக்கத்திலேயே கண்ணைக் கசக்கட்டும். வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து நடையைக் கட்டட்டும். ஒரு பாட்டி குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைக்கட்டும். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரைவது. ஆகையால் ஈரத்துணி ஓரளவு காக்கும். ஏன் நனைக்கிறாள் என்று பார்வையாளர் புரிந்துகொள்ளும் நொடியில் தலைப்பைப் போடலாம்.

எடுப்பதற்கு முன் அந்தக் குப்பங்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கேமராவை வெளியே எடுக்காமல், அன்றிரவு வீட்டில் முதலில் விழித்தது யார் என்று மட்டும் கேளுங்கள்.