தாடை கனமா இருக்கு, மச்சான்!
கம்ப்யூட்டர் விளையாட்டுக் கலைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தருவது பக்கத்து நாற்காலிக்காரரின் விமர்சனம்தான்

திரையில் ஒரு போர்வீரனின் தலை மெல்லச் சுழல்கிறது. மூன்று நாள் உழைப்பு. டீ கோப்பையுடன் கடந்து போகும் சக ஊழியர் ஒரு கணம் நிற்கிறார். "தாடை கனமா இருக்கு, மச்சான். கழுத்து தாங்காது." சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மூன்று நாட்களாகக் கண்ணில் படாத குறை மூன்று நொடியில் வெளிப்பட்டுவிட்டது.

பெங்களூர், புனே, குர்காவ்ன் நகரங்களின் விளையாட்டுக் கலைக்கூடங்களில் இது அன்றாடக் காட்சி. பெங்களூரில் 1997இல் துருவா இன்டராக்டிவ் தொடங்கியபோது இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. பிறகு 'ஃபோர்ஸா' பந்தய விளையாட்டின் கார்களுக்குக்கூட இங்கே உருவம் கொடுத்தார்கள். 2019இல் அந்த நிறுவனத்தை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கிக்கொண்டது. குர்காவ்னில் 2004இல் பிறந்த லக்‌ஷ்யா டிஜிட்டல், 2014இல் கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் வசம் போனது. துப்பாக்கி, கார், இடிந்த சுவர், காட்டுச்செடி என்று இங்கே செய்யப்படுபவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு விளையாட்டுகளுக்குத்தான்.

வாடிக்கையாளரின் விமர்சனம் எழுத்தில் வரும். பெங்களூரில் காலை ஒன்பது மணி என்றால், கோடைக்கால சியாட்டிலில் முந்தைய நாள் இரவு எட்டரை. அங்கே குறிப்பு எழுதியவர் வீட்டுக்குப் போயிருப்பார். அனுப்பிய படத்தின் மேலேயே சிவப்புக் கோடு இழுத்து, திருத்தி வரைந்து, அம்புக்குறி போட்டிருப்பார். அதில் ஒன்று புரியாவிட்டால் பதிலுக்கு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் இரண்டு நாள் வேலை வீண்.

ஆகவேதான் அனுப்புவதற்கு முன்பு பக்கத்து நாற்காலிக்காரரின் கண் தேவைப்படுகிறது. லட்சக்கணக்கான முகங்கள் கொண்ட நுணுக்கமான உருவத்தைச் செதுக்கி, அதன் மேடுபள்ளங்களை எளிய உருவம் ஒன்றின் மேல் படமாகப் பதிய வைப்பது இத்தொழிலின் அடிப்படை வித்தை. பதிவதில் பிசகினால் தோள்பட்டையில் விநோதமான நிழல் விழும். செய்தவருக்கு அது பழகிப்போயிருக்கும். புதிதாகப் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார், கண்ணைச் சுருக்கிப் பார், உருவத்தை முழுக் கறுப்பாக்கி வெளிக்கோடு மட்டும் யாரென்று சொல்கிறதா பார் என்பதெல்லாம் பெரும்பாலும் டீ நேரப் பேச்சில் கைமாறும் பாடங்கள்.

இந்த அறைகளில் மிகப் பயனற்ற வாக்கியம் "நல்லா இருக்கு" என்பதுதான். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை, ஏன் என்று சொல்பவர்தான் நண்பர். ஆனால் மூத்தவர் வேலையில் குறை சொல்ல இளையவருக்கு நாக்கு எழாது. குறை கேட்டவர் முகம் சுருங்கினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வேலையைச் சொல்கிறார்கள், தன்னை அல்ல என்பது புரிவதற்கே பலருக்கு ஓரிரு வருடம் ஆகிவிடுகிறது.

இந்தப் பேச்சு சுவரைத் தாண்டவும் முடியாது. ரகசிய ஒப்பந்தப்படி, விளையாட்டு வெளியாகும்வரை தான் செய்ததை வீட்டாருக்குக்கூடக் காட்டக்கூடாது. வெளியான பிறகும் பெயர்ப் பட்டியலில் சில சமயம் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ஆக, இந்தக் கலைஞருக்குக் கிடைக்கும் முதல் ரசிகர், பல நேரங்களில் ஒரே ரசிகர், அந்த டீ கோப்பைக்காரர்தான்.

சொந்த விளையாட்டு என்றால் நிலைமை வேறு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி'யில் பஹாரி ஓவிய மரபின் சாயல் உண்டு. அங்கே சிவப்புக் கோடு போட வெளிநாட்டு வாடிக்கையாளர் இல்லை. எது சரி என்று குழுவே வாதாடி முடிவு செய்தாக வேண்டும். பல வருடம் அடுத்தவர் படத்துக்கு உருவம் கொடுத்துப் பழகிய கைக்கு, அதுதான் கடினமான பாடம்.

அந்த வாதாட்டத்துக்கான இடம்தான் இப்போது சுருங்கி வருகிறது. 2020இல் கோவிட் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது எட்டிப்பார்க்கும் தோள்கள் காணாமல் போயின. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் தனது பெங்களூர், மும்பை அலுவலகங்களை மூடியபோது அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். விளையாட்டுக் கலைஞர்களுக்கும் வயிற்றில் புளி கரைந்தது. கேட்ட நொடியில் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. கல்லும் பீப்பாயும் செய்து கை பழகும் ஆரம்ப வேலைகளைத்தான் அது முதலில் விழுங்கும் என்பது அவர்களின் அச்சம்.

படம் வரைய இயந்திரம் போதும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தாடையைக் கழுத்து தாங்குமா என்று பார்க்கும் கண் யாருக்காவது வேண்டும். கல்லும் பீப்பாயும் செய்து, திட்டு வாங்கி, திருத்தித்தான் அந்தக் கண் இதுவரை உருவாகியிருக்கிறது.