வாத்து ஏன் சாகலை?

‘‘தம்பி, பொங்கலுக்கு வர்றேன்டா. பாப்பாவுக்கு நம்ம வாத்து கேமைக் காட்டணும். பரண்லதான் இருக்கும். நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணி வை!’’

போன்ல பெரியம்மா பையன். ‘இன்ஜினீயரிங்தானே படிக்கிறே’னு ஒரு வார்த்தை போதாதா, நம்ம தன்மானத்தைத் தட்டி எழுப்ப? ஏறினேன் பரண் மேல!

உள்ளே ஒரு கேசட் வீடியோ கேம் பெட்டி, ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. நம்ம அண்ணன்கள், அக்காக்களோட பால்யம் மொத்தமும் இந்தப் பெட்டியிலதான். ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ மெஷினோட காப்பிதான் இது. மரியோ, கான்ட்ரா, டேங்க், டக் ஹன்ட் எல்லாம் அந்த வம்சம்.

மானிட்டரோ புத்தம் புது எல்.இ.டி. அதுல ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை மட்டும்தான். பெட்டியில இருந்து வர்றது மஞ்சள், வெள்ளை வயர். ரெண்டுக்கும் எப்படிக் கல்யாணம் பண்ணி வைக்கிறது?

மஞ்சள் வயரும் ஒரு பல்பும்

தரகர் பேரு கன்வர்ட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனா, இதுல ரெண்டு ஜாதகம் உண்டு மக்களே! ‘ஏ.வி. டு ஹெச்.டி.எம்.ஐ.’, ‘ஹெச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.’ ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒருவழிப் பாதை, திருப்பிப் போட்டா வேலைக்கு ஆகாது. நமக்குத் தேவை முதல் வகை. நான் ரெண்டாவதை வாங்கிட்டு வந்து ஒரு ராத்திரி பூரா கறுப்புத் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். செம பல்பு!

அடுத்து அடாப்டர். கையில கிடைச்சதை சொருகாதீங்க. எத்தனை வோல்ட், பின்னோட நடுப்பகுதி ப்ளஸ்ஸா மைனஸான்னு பெட்டியோட அடியில போட்டிருக்கும். அது மாறினா புகைதான் வரும். கேசட்டை ஊதுற பழக்கத்தையும் விட்டுடுங்க. எச்சில் ஈரம் உலோகக் காலை அரிச்சுடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சா போதும்.

லேப்டாப்லதான் விளையாடணும்னா, ஏ.வி. வயரை யு.எஸ்.பி.க்கு மாத்துற கேப்சர் கருவி இருக்கு. படம் கறுப்பு வெள்ளையா வந்தா பயப்படாதீங்க, செட்டிங்ஸ்ல என்.டி.எஸ்.சி.யை பால்-னு மாத்திப் பாருங்க. நம்ம ஊர் டிவிகளுக்காக வந்த பெட்டிகள் பெரும்பாலும் பால் வகைதான்.

சரியான கன்வர்ட்டர் வந்துச்சு. சொருகினேன். பவர் தட்டினேன். வந்துட்டாருய்யா மரியோ!

குண்டு மரியோ... லேட் மரியோ!

ஆள் கொஞ்சம் குண்டாயிட்டார். அந்தக் கால கேம் 4:3 திரைக்குச் செஞ்சது. அதை 16:9 திரைக்கு இழுத்தா வேற எப்படி இருக்கும்? மானிட்டர் மெனுவுல 4:3 போட்டதும் ஜிம்முக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆயிட்டார்.

ஆனா, அடுத்த பிரச்னைக்கு மெனுவுல மருந்து இல்லை. ஜம்ப் பட்டனை அமுக்குறேன்... மரியோ நேரா குழியில விழறார். மறுபடி அமுக்குறேன்... மறுபடி குழி. ‘எனக்குத்தான் விளையாடத் தெரியலையோ’னு ஒரு மணி நேரம் என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, தப்பு என் விரல்ல இல்லை!

பழைய டப்பா டிவியில, சிக்னல் வர வர பிக்சர் ட்யூப் கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே போகும். எதையும் சேர்த்து வைக்காது. கன்வர்ட்டர் அப்படியில்லை. வர்ற சிக்னலை எண்ணா மாத்தி, படத்தை மெமரியில வாங்கி வெச்சு, பெரிசு பண்ணி, அப்புறம்தான் அனுப்பும். மானிட்டர் அதுக்கு மேல கொஞ்ச நேரம் எடுத்துக்கும். பால் பெட்டி செகண்டுக்கு 50 படம் அனுப்புது, அதாவது ஒரு படத்துக்கு 20 மில்லிசெகண்ட். நாலு படம் தள்ளிப்போனாலே 80 மில்லிசெகண்ட் லேட். சினிமா பார்த்தா தெரியாது. குழி தாண்டினா தெரியும்!

கான்ட்ராவுல இன்னொரு கூத்து. அந்த மெஷின் ஒரு கோட்டுல எட்டு உருவத்துக்கு மேல வரையாது. குண்டுகள் கூடிட்டா, மாத்தி மாத்திக் காட்டி சமாளிக்கும். மலிவான கன்வர்ட்டர்கள் அடுத்தடுத்த ரெண்டு படத்தை ஒண்ணா நினைச்சுக் கலக்கிடும். குண்டு எங்கேன்னு தெரியறதுக்குள்ள ஆள் காலி.

பழைய கேமுக்குன்னே தயாரான ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. மாதிரியான கருவிகள் இந்தத் தாமதத்தை ரொம்பவே குறைச்சுடும். ஆனா, விலை ஆயிரக்கணக்குல. நம்ம பாக்கெட் மணிக்கு அது கனவுதான். மானிட்டர்ல ‘கேம் மோட்’ போட்டேன். கொஞ்சம் தேவலாம். மரியோ பத்துல ஏழு குழி தாண்டினார்.

துப்பாக்கியை எடுத்தேன்

அண்ணன் கேட்டது மரியோவை இல்லையே... வாத்தை! டக் ஹன்ட் போட்டு, மானிட்டருக்கு ஒரு அடி பக்கத்துல போய் சுட்டேன். ம்ஹூம். ஒரு வாத்துகூட சாகலை. நாய் மட்டும் புதர்ல இருந்து எழுந்து சிரிச்சுது.

துப்பாக்கியில இருந்து எதுவும் வெளியே போறதில்லைங்கிறதுதான் விஷயமே. அது ஒரு கண்ணு. ட்ரிக்கரை அமுக்கினதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். ‘இப்ப வெளிச்சம் தெரியுதா?’னு பெட்டி துப்பாக்கியைக் கேட்கும். தெரிஞ்சா வாத்து அவுட். அந்தக் கேள்விக்கு ஒரு கண நேரம்தான். என் மானிட்டர்ல வெள்ளைக் கட்டம் வந்து சேர்றதுக்குள்ள பெட்டி கேட்டு முடிச்சு, ‘தப்பு’ன்னு மார்க்கும் போட்டுடுது!

தாமதத்தைக் குறைச்சாலும் முழுசாத் தீராது. நின்டெண்டோவோட அசல் துப்பாக்கி, ட்யூப் டிவி கோடு வரையும்போது வர்ற சிமிட்டலைத்தான் தேடும். எல்.இ.டி. திரையில அந்தச் சிமிட்டலே கிடையாது.

அப்பதான் புரிஞ்சுது. நான் பாதி மெஷினைத்தான் பரண்ல இருந்து இறக்கியிருக்கேன். மீதிப் பாதி அந்த டப்பா டிவி. அதைத்தான் எங்க வீட்டுல எப்பவோ காயலான் கடைக்குப் போட்டாச்சு.

அண்ணனுக்குப் போன் பண்ணி சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ‘‘டேய், ஆயா வீட்டுல இலவச டிவி இருக்குமேடா?’’

2006-ல் இருந்து தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்துச்சே, அந்த 14 இன்ச் கலர் டிவி! ஆயா அதை மூலையில வெச்சு, மேல துணி போட்டு, அதுக்கு மேல சாமி படம் வெச்சிருந்தாங்க. ‘‘சாமியை எறக்கி வெச்சுட்டு என்னவோ பண்ணுங்க’’னு பர்மிஷன் கிடைச்சுது.

பொங்கலன்னிக்கு மஞ்சள் வயரை நேரா டிவி பின்னாடி சொருகினோம். கன்வர்ட்டர் கிடையாது, மெனு கிடையாது. பாப்பா ரெண்டு கையாலயும் துப்பாக்கியைப் பிடிச்சு சுட்டா. முதல் வாத்து பறந்துடுச்சு. நாய் சிரிச்சுது. பாப்பாவும் சிரிச்சா. அண்ணன் அவ பின்னாடி மண்டி போட்டு, கையைப் பிடிச்சுக் குறி வெச்சார். ரெண்டாவது வாத்து பொத்துனு விழுந்துச்சு!

மக்களே, உங்க வீட்டுலயும் ஒரு டப்பா டிவி மூலையில கிடந்தா, பின்பக்கத்தைத் திறந்து நோண்டாதீங்க, உள்ளே ஆளைத் தூக்குற வோல்டேஜ் இருக்கும். ஆனா, காயலான் கடைக்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, பரணை ஒருதடவை பார்த்துடுங்க.