நல்லூர்த் திருவிழாவுக்கு அறை: இணையத்தளத்தில் பதிவதா, விடுதிக்கு நேரடியாக அழைப்பதா?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் மகோற்சவம் 25 நாட்கள். தேர், தீர்த்தம் நெருங்க நெருங்க, கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் அறை கிடைப்பது அரிதாகிவிடும். கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வருபவர்களில் பலருக்கு இங்கே தங்குவதற்கு வீடு இல்லை. இருந்த வீடு விற்கப்பட்டிருக்கும், அல்லது பூட்டிக் கிடக்கும். எனவே விமானச்சீட்டு எடுத்த கையோடு புக்கிங்.கொம், அகோடா, எயார்பிஎன்பி என்று கைபேசியில் தேடத் தொடங்குகிறார்கள்.

இதன் விளைவாக, ஊரவர் ஒருவர் நல்லூரில் நடத்தும் விடுதிக்கு, அதே ஊரைச் சேர்ந்த இன்னொருவர் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வழியாக அறை எடுக்கிறார். அந்த நிறுவனம் இடையில் நின்று என்ன செய்கிறது, எவ்வளவு எடுக்கிறது என்பதை அறிந்துகொண்டால் எதை எப்போது பயன்படுத்துவது என்று முடிவெடுக்கலாம்.

பணம் எப்படிப் பிரிகிறது?

முன்பதிவுத் தளங்கள் பயணியிடம் தனியாகக் கட்டணம் கேட்பது குறைவு. விடுதியிடமே தரகு வாங்குகின்றன. புக்கிங்.கொம் போன்ற தளங்களில் இது பெரும்பாலும் அறை விலையில் 15 சதவீதத்தை ஒட்டியிருக்கும். இடத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்துக் கூடிக் குறையும். தேடலில் மேலே தெரிய விரும்பும் விடுதி இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அறை ஓர் இரவுக்கு 15,000 ரூபா, ஐந்து இரவு தங்குகிறீர்கள் என்றால் மொத்தம் 75,000 ரூபா. 15 சதவீதத் தரகு 11,250 ரூபா. நேரடியாக அழைத்த உங்களுக்கு உரிமையாளர் 5 சதவீதம் குறைத்தால் 3,750 ரூபா உங்களுக்கு மிச்சம். அவருக்கும் 7,500 ரூபா கூடுதலாக நிற்கும்.

தளத்தில் உங்களுக்குக் காட்டப்படும் ‘உறுப்பினர் சலுகை’யும் பெரும்பாலும் தளத்தின் பணம் அல்ல. 15,000 ரூபா அறைக்கு 10 சதவீதச் சலுகை என்றால், அந்த 1,500 ரூபாவை விடுதியே விட்டுக்கொடுக்கிறது. மீதி 13,500 ரூபாவில் தரகு 2,025 ரூபா போக, உரிமையாளர் கையில் மிஞ்சுவது 11,475 ரூபா. மின்கட்டணம், வேலையாட்களின் சம்பளம், வரி எல்லாம் அதற்குள்தான்.

பல தளங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புக்கிங்.கொம், அகோடா இரண்டும் ஒரே அமெரிக்கக் குழுமத்துக்குச் சொந்தமானவை. எக்ஸ்பீடியாவும் ஹொட்டேல்ஸ்.கொம்மும் இன்னொரு குழுமம்.

தளத்தால் பயன் இல்லையா?

நிச்சயமாக உண்டு. யாழ்ப்பாணத்தை முன்பின் அறியாத ஒரு ஜேர்மன் பயணி, ஐந்து அறை கொண்ட ஒரு சிறு விடுதியைத் தேடிப் பிடிப்பதற்கு வேறு வழி குறைவு. திருவிழா முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும்போது, தளத்தின் வழியாக வரும் ஒரு முன்பதிவுக்குத் தரகு கொடுப்பது விடுதிக்கு நட்டமல்ல. அந்த விருந்தினரைக் கொண்டுவந்தது தளம்தான்.

பயணிக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது: முன்பு தங்கியவர்களின் மதிப்புரைகள், எழுத்தில் உள்ள இரத்து நிபந்தனை, பிரச்சினை வந்தால் முறையிட ஓர் இடம். விமானம் தாமதமாகலாம், பயணமே நின்றுபோகலாம் என்ற நிலையில் இருப்பவருக்குக் கட்டணமின்றி இரத்துச் செய்யும் வசதி பெரிய விடயம்.

ஆனால் திருவிழா நாட்களின் கதை வேறு. அந்த விருந்தினரை வரவைப்பது நல்லூர்க் கந்தன், தளம் அல்ல. எப்படியும் நிரம்பப்போகும் அறைக்கும் அதே தரகுதான் போகிறது.

விலை ஏன் ஒரேமாதிரி இருக்கிறது?

‘எங்களிடம் காட்டும் விலையைவிடக் குறைவாக உங்கள் சொந்த இணையத்தளத்தில் காட்டக்கூடாது’ என்ற நிபந்தனையைப் பெரிய தளங்கள் நீண்டகாலம் விதித்து வந்தன. ஜேர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2015இல் புக்கிங்.கொம்மின் இந்த நிபந்தனைக்குத் தடை விதித்தது. இத்தகைய நிபந்தனை தளத்தின் சேவைக்கு இன்றியமையாதது அல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கும் ஓயோ நிறுவனத்துக்கும் போட்டி ஆணையம் 2022 ஒக்டோபரில் மொத்தம் 392 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. அந்த வழக்கிலும் இத்தகைய விலை நிபந்தனைகள் கேள்விக்குள்ளாயின.

அங்கே வந்த மாற்றம் யாழ்ப்பாணத்து விடுதிக்குத் தானாக வந்துவிடாது. ஆனால் இந்த நிபந்தனைகள் குறிவைப்பது பொதுவில் அறிவிக்கும் விலையைத்தான். தொலைபேசியில் கேட்டால் வேறு விலை கிடைக்கக்கூடும். விலை அதேதான் என்றாலும் காலை உணவையோ, பலாலி விமான நிலையத்திலிருந்து வாகனத்தையோ சேர்த்துக் கேட்கலாம்.

நேரடியாகப் பதிபவர்கள் கவனிக்க வேண்டியவை

நேரடிப் பதிவில் பாதுகாப்பை நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும். முகநூலில் வேறொரு விடுதியின் படங்களைப் போட்டு முற்பணம் வாங்கும் மோசடிகள் உண்டு. தொலைபேசி இலக்கத்தை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல், கூகுள் வரைபடத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள். ஊரில் உறவினர் இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

விலை ரூபாவிலா டொலரிலா, வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா, முற்பணம் எவ்வளவு, எந்தத் திகதி வரை இரத்துச் செய்தால் அது திரும்பக் கிடைக்கும் ஆகிய விபரங்களை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய 2022ஐ மறக்கமுடியாது. எந்த நாணயம், எந்த நாளின் மாற்று வீதம் என்பது முக்கியம். முழுத்தொகையையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள்.

தளத்தில் பதிந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விடுதிகளின் கணக்குகளுக்குள் புகுந்து, ‘அட்டையை மீண்டும் உறுதிப்படுத்துங்கள்’ என்று இணைப்பு அனுப்பும் மோசடி பல நாடுகளில் நடந்துள்ளது. அப்படி வந்தால் விடுதிக்கு அழைத்துக் கேளுங்கள். வந்து சேர்ந்தபின் ‘தளத்தில் இரத்துச் செய்துவிட்டுக் காசாகத் தாருங்கள்’ என்று யாராவது கேட்டால், அதற்கு இணங்குவதால் உங்களுக்கான பாதுகாப்பும் போய்விடும். தரகை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் அதைப் பதிவதற்கு முன்னரே பேசவேண்டும்.

அறியாத ஊருக்குப் போகும்போது தளம் கொடுக்கும் சேவைக்கு 15 சதவீதம் நியாயமாக இருக்கலாம். தெரிந்த ஊருக்கு, தெரிந்த தெருவுக்கு வருபவர் தளத்தில் தேடிப் பார்க்கட்டும், மதிப்புரைகளையும் வாசிக்கட்டும். பிறகு விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பதில் இழப்பதற்கு எதுவுமில்லை. ஒத்துவந்தால், அந்தப் பணம் குடாநாட்டிலேயே நிற்கும்.