33⅓-ஆ, 32-ஆ? பெரியப்பாவின் ரெக்கார்டு பிளேயர்

ஆறு மாசமா மல்லுக்கட்டிச் சரிபண்ணின ரெக்கார்டு பிளேயரைச் சின்னமனூர் வீட்டில் கொண்டுபோய் வைத்து ஒரு எல்பி போட்டேன். பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை: "என்னடா, இம்புட்டு வேகமா ஓடுது?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மெஷினில் நான் அதிகமாகப் பாடுபட்டதே வேகத்துக்காகத்தான்.

பெரியப்பா எழுபதுகளிலிருந்து ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வீரபாண்டி சித்திரைத் திருவிழா என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் கட்டியிருக்கிறார். மிஞ்சியது ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஒரு பழைய கேரார்ட் பிளேயரும்தான்.

அது ஐட்லர் டிரைவ் வகை. பெல்ட் கிடையாது. மோட்டார் ஷாஃப்டுக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இரண்டையும் தொட்டுக்கொண்டு உருளும். ஷாஃப்டில் படிப்படியாக வெட்டியிருப்பார்கள். ரப்பர் எந்தப் படியில் உட்காருகிறதோ அதுதான் வேகம்: 33⅓, 45, 78. பிடிப்பு பலமாக இருப்பதால் கனமான தட்டும் சட்டென்று வேகமெடுக்கும். 1954-இல் வந்த கேரார்ட் 301-ஐ ஒலிபரப்பு நிலையங்கள் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ரேடியோ செட்காரருக்கும் அதே அவசரம்தானே, பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தவுடன் பாட்டு வந்தாகணும். குறை என்னவென்றால், மோட்டாரின் அதிர்வும் அதே ரப்பர் வழியாக முள்ளுக்குப் போய்விடும். பெல்ட்டும், 1970-க்குப் பிறகு டைரக்ட் டிரைவும் இதை ஓரங்கட்டியது அதனால்தான்.

எங்கள் பிளேயரில் ரப்பர் கல்லாகியிருந்தது. போதாக்குறைக்கு, வேகத்தில் போட்டபடியே வருஷக்கணக்கில் விட்டதில் ஷாஃப்ட் அழுத்தின இடத்தில் ஒரு பள்ளம். 45 மி.மீ. சக்கரம் 33⅓-இல் வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டொக்'. மதுரையில் அச்சக ரோலருக்கு ரப்பர் போடும் பட்டறையில் கொடுத்துப் புது ரப்பர் போட்டேன். வந்தது 1 மி.மீ. பெரிதாக இருந்தது. வேகம் மாறிப்போகுமே என்று பயந்தேன். துளிகூட மாறவில்லை. பேப்பரில் போட்டுப் பார்த்தபிறகுதான் புரிந்தது: ஷாஃப்டின் விளிம்பு வேகத்தை ரப்பர் அப்படியே தட்டுக்குக் கடத்துகிறது, அதன் விட்டம் கணக்கில் அடிபட்டுப் போகிறது. பி.இ. படித்தவன் இதை முதலிலேயே யோசித்திருக்கணும்.

கணக்கில் நிற்பது ஷாஃப்ட். எங்கள் தட்டின் உள்விட்டம் 270 மி.மீ., மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்று. அப்படியானால் 33⅓ படி 6.4 மி.மீ. இருக்கணும். அதில் 0.1 மி.மீ. போனால் வேகம் ஒன்றரை சதவீதம் போச்சு. இது தெரியாமல் துரு போகட்டும் என்று அதே படியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டேன். கடைசியில் லேத்காரர் ஒருவர்தான் பித்தளையில் உறை கடைந்துபோட்டுக் காப்பாற்றினார். 3,150 ஹெர்ட்ஸ் சோதனை ரெக்கார்டைப் போட்டு போனில் அளந்தேன். 33⅓ சுத்தமாக இருந்தது.

அப்புறம் ஏன் பெரியப்பாவுக்கு வேகமாகத் தெரிகிறது? வயசு, ஞாபகம் என்று விட்டிருப்பேன். அவர் சொன்ன இன்னொன்று மனசில் நின்றது: "காலையில நல்லா ஓடும்டா. சாயங்காலம் ஆனா பாட்டு சோம்பிப் போகும்."

இந்த மோட்டாரின் வேகம் பெரும்பாலும் கரண்டின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. நம்மூரில் அது 50 ஹெர்ட்ஸ் இருக்கணும். ஆனால் தொண்ணூறுகளில் தென்மாநில மின்தொகுப்பு 48 வாக்கில் தவழ்ந்த நாட்கள் நிறைய. தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லை. 2003-இல் அலைவெண்ணை வைத்து விலை மாறும் கட்டணமுறை தெற்கே வந்தபிறகுதான் நிலைமை சீரானது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. தொகுப்பு இறங்கினால் அங்கே டர்பைனும் சேர்ந்தே இறங்கும். இதுபோக, தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் வேறு படுத்துவிடும், அதிலும் கொஞ்சம் வேகம் போகும்.

50-க்கு 48 என்றால் 33⅓ சரியாக 32 ஆகிறது. நாலரை நிமிஷப் பாட்டு 11 வினாடி கூடுதலாக ஓடும். சுருதி அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு இறங்கும். வேகம் பார்க்கிற கோடுபோட்ட அட்டையும் இதைக் காட்டிக்கொடுக்காது. அதன்மேல் விழும் டியூப்லைட்டும் அதே கரண்டில்தானே மினுக்குகிறது! இரண்டும் சேர்ந்து இறங்கினால் கோடு அசையாமல் நிற்கும்.

சோதித்துப் பார்க்க வழி வீட்டிலேயே இருந்தது. பெரியப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரில் குழாய்களுக்கான 100 வோல்ட் லைன் உண்டு. ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் சைன் அலை உண்டாக்கி, அதை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, 100-ஐ டிரான்ஸ்ஃபார்மரால் 230 ஆக்கி மோட்டாரை ஓட்டினேன். (உயிரை வாங்குகிற வோல்டேஜ். பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்க வேண்டாம்.) இப்போது அலைவெண் என் கையில்.

அதே எல்பி. 50-இல் ஆரம்பித்து, அவருக்குச் சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். 49-இல் ஒன்றும் சொல்லவில்லை. 48.2-இல் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆங், இப்பத்தான் நம்ம செட்டு மாதிரி இருக்கு. அப்படியே விடு."

அப்படியே விட்டிருக்கிறேன். நான் கேட்கும்போது மட்டும் 50-க்கு ஏற்றிக்கொள்கிறேன்.